காகிதத்தில் ஓட்டியவள்

முப்பத்தோரு ஆண்டுகளாக ஒரு விபத்தும் செய்யாத ஓட்டுநர் என்று தலைவியைப் பாராட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் எழுதியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஓட்டினால்தானே விபத்து?

இருபத்தோரு வயதில், வேலைக்கு உதவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு லைசென்ஸ் எடுத்தாள். இரவல் மொபெட்டில் எட்டுப் போட்டுக் காட்டி இறங்கியவள், அதன் பிறகு எந்த வண்டியிலும் முன்னால் உட்கார்ந்ததில்லை. ஆனால் லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் ஒரு முறையும் தவறியதில்லை. கையில் இருக்கும் எதையும் காலாவதியாக விட மனம் வராது அவளுக்கு. அந்தச் சுபாவம்தான் போன வருடம் அவள் தம்பியின் கண்ணில் பட்டது.

தலைவி என்பது ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்குக் கீழே வேலை செய்யும் ஆறு பேர் வைத்த பெயர். வீட்டுக்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் அது கேலி என்பதையே மறந்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் ஏறி இறங்குவதற்காக நாள் முழுக்கப் பள்ளத்துக்குள் நிற்பவர், அதிகம் பேசமாட்டார். இடது கண்ணில் பார்வை மங்கியபோது அவருடைய லைசென்ஸ் போய்விட்டது.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் கொசு. காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினால் பதினொன்றுக்குள் பதினெட்டு வீடு. பஸ்ஸில் போய் முடிகிற வேலை இல்லை. வேலைக்கான விளம்பரத்திலேயே ‘சொந்த வண்டி, நடப்பு இன்சூரன்ஸுடன்’ என்று போட்டிருந்தார்கள்.

வண்டியைத் தவணையில் வாங்கிவிட்டாள். இன்சூரன்ஸுக்குப் போனபோதுதான் கண்ணைக் கட்டியது. கவுன்டர் பெண் வயதைக் கேட்டாள், தட்டினாள், திரையைத் திருப்பிக் காட்டினாள். வண்டி விலையில் கிட்டத்தட்டப் பாதி. அதுவும் வருடா வருடம்.

“இது வண்டிக்கா?” என்று கேட்டாள் கொசு.

“வயசுக்கு” என்றாள் கவுன்டர் பெண். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் நிறைய கம்பெனியின் விளம்பரப் படம். இருபது வயதுப் பையன் ஒருவன் தலைமுடி பறக்க, பைக்கில் மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே போனான்.

அப்போது வந்தவர்தான் தலைவியின் தம்பி. அதே கம்பெனிக்கு ஏஜென்ட். கொசுவுக்குத் தள்ளுபடி மாமா. வண்டியைத் தலைவியின் பேருக்கு மாற்றி, முதன்மை ஓட்டுநர் என்ற கட்டத்தில் அவள் வயதைப் போட்டு, முப்பது வருட விபத்தில்லாச் சலுகையும் சேர்த்து, தொகையை ஐந்தில் ஒன்றாக்கிக் கொடுத்தார். தலைவி கையெழுத்துப் போட்டாள். தெரியாமல் போட்டேன் என்று அவள் எப்போதும் சொன்னதில்லை. தெரியும்.

போன வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, கடைத்தெருத் திருப்பத்தில் கொசுவின் வண்டி சறுக்கி நடைபாதையில் ஏறியது. அங்கே மேசை போட்டுப் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர்மேல் போய் மோதியது. சாவிகள் தெரு முழுக்கச் சிதறின. கொசுவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பூட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

இன்று செவ்வாய். மாலை நாலு மணிக்குக் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள்.

*

“நாலு வார்த்தைதாம்மா” என்றாள் கொசு. “‘நான்தான் ஓட்டினேன்’னு நீ சொன்னாப் போதும். அவ்வளவுதான்.”

“ரெண்டு வார்த்தை” என்றார் அப்பா, ரொட்டியைப் பிய்த்தபடி.

“உங்களுக்கு எண்ணறதுக்கு இதுதான் நேரமாப்பா?”

தலைவி டிபன் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினாள்.

“அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்? வேலையில. வருகைப் பதிவுல விரல் வெச்சிருக்கேன்.”

“மாமா கேட்டுட்டாரு. ஆஸ்பத்திரில எல்லாம் போய்க் கேக்கமாட்டாங்களாம். வண்டியப் பாப்பாங்க, உன்னைப் பாப்பாங்க, எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க.”

“என்னைப் பாத்தா ஓட்டறவ மாதிரியா இருக்கு?”

கொசு அம்மாவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு தலைவிக்கும் தொற்றியிருக்கும், வேறொரு நாளாக இருந்தால்.

“அவருக்குப் பணம் வரணுமா வேண்டாமா, அத மட்டும் யோசி” என்றாள் கொசு. “நான் ஓட்டினேன்னு தெரிஞ்சா பாலிசியே செல்லாது. அந்த மனுஷனுக்குப் பத்து காசு வராது. நீ ஓட்டினேன்னு சொன்னா வைத்தியச் செலவு, வேலை போன நாளுக்கு நஷ்டஈடு, எல்லாம் கம்பெனி குடுக்கும்.”

இதையேதான் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை சொன்னார். இதே வரிசையில், இதே சொற்களில். தலைவி இரண்டு நாளாக அதில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. பொய் சொன்னால் ஒரு கை பிழைக்கும், உண்மை சொன்னால் அது வீணாகும் என்றால் எந்த நல்ல மனுஷி உண்மை சொல்வாள்? இவ்வளவு சுத்தமாக மடித்துக் கொடுத்ததாலேயே அதைக் கையில் வாங்க அருவருப்பாக இருந்தது.

“மத்தியானம் மாமா ஆஸ்பத்திரிக்கு வருவாரு. வண்டியோட” என்றாள் கொசு.

“எதுக்கு?”

“சும்மா. ஒரு பழக்கத்துக்கு.”

லிஃப்ட் மெக்கானிக் ரொட்டியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “நான் இன்னைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன்” என்றார். அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

*

சலவைப் பிரிவில் துணி மூன்று நிறப் பைகளில் வரும். வெள்ளைப் பை சாதாரண அழுக்கு. மஞ்சள் பையில் ரத்தம், மலம், வாந்தி. சிவப்புப் பையைத் திறக்கவே கூடாது; பையோடு இயந்திரத்துக்குள் போட வேண்டும். பிரித்து எண்ணுவது தலைவியின் வேலை. முழங்கை வரை கையுறை. போர்வைக்குள் சுருண்டு வருகிற ஊசி, பல்செட், கைக்கடிகாரம், ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம், எல்லாவற்றையும் எடுத்துத் தனியே வைப்பாள். பத்தொன்பது வருடம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பிட முடியாமல் அல்லாடும்போது அவள்தான் சமாதானம் சொல்வாள். ‘இதெல்லாம் உடம்போட சமாசாரம். கழுவினாப் போயிடும்.’

இன்று முதல் பையைப் பிரித்ததுமே அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். துணியில் ஒன்றும் புதிதாக இல்லை.

பன்னிரண்டரைக்குத் தள்ளுபடி மாமா வந்தார். சலவைக்கூடத்தின் பின்புறம், ஆவிக்குழாய்கள் சொட்டுகிற சிமென்ட் தரையில், கொசுவின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன் மட்கார்டு நசுங்கியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு நல்ல செய்தி.

“வா அக்கா! பத்து நிமிஷம். சாப்பிட்டியா?”

“எதுக்குடா இதெல்லாம்?”

“இப்போ ஒரு சின்ன டெஸ்ட் வெக்கிறாங்க. ஊர் பூரா பெத்தவங்க பேர்ல பாலிசி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க இல்ல, கம்பெனிக்கு வயித்தெரிச்சல். அதனால பாலிசியில யாரு பேரு இருக்கோ அவங்கள ஸ்டாண்டை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, பத்தடி ஓட்டிக் காட்டச் சொல்வாங்க. பத்தடிதான். குழந்தைகூடப் பண்ணும்.”

“கால் எட்டாதுடா எனக்கு.”

“தெரியும்.” அவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்தார். அடிப்பாகம் மூன்று விரல் தடிமன். “என் வீட்டுக்காரியோடது. அவ நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கிறது. போட்டுப் பாரு.”

தலைவி போட்டுப் பார்த்தாள். உள்ளே ஈரம் இன்னும் இருந்தது. வேறொருத்தியின் விரல்கள் பதிந்த பள்ளத்தில் அவள் விரல்கள் போய் உட்கார்ந்தன. நாள் முழுக்க ஊராரின் ரத்தத்தையும் சீழையும் அள்ளுகிறவளுக்கு அந்த வெதுவெதுப்பு முதுகுத்தண்டில் ஏறியது.

“எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கே நீ” என்றாள்.

“தொழில் அக்கா.” பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். “இடது கை கிளட்ச். அழுத்திப் பிடி. இப்ப கியர். இப்ப மெதுவா விடு. மெதுவா...”

வண்டி ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. சலவைக்கூடத்து வாசலில் அவளுடைய ஆறு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

“தலைவி, இந்த வயசுல காதலனா?” என்றாள் இஸ்திரிக்காரி.

“என் தம்பிடி!”

“அப்ப வேஸ்ட்டு!”

இரண்டாவது முறையும் நின்றது. மூன்றாவது முறை வண்டி போனது. பத்தடி, பதினைந்தடி. சுவர் நெருங்கியதும் அவள் பிரேக்கை அழுத்தினாள், நின்றுவிட்டது. பின்னால் கைதட்டல். அந்தப் பதினைந்தடியில் முகத்தில் காற்றுப் பட்டது. ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே என்று நினைத்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“பிச்சு உதறிட்டே!” என்றார் தம்பி.

“ஏண்டா, அந்தப் பூட்டுக்காரரைப் போய்ப் பாத்தியா?”

“பாத்தேன், பாத்தேன். நல்ல மனுஷன். நீ அதப் பத்திக் கவலைப்படாதே.” குரலைத் தாழ்த்தினார். “அக்கா, என்கிட்ட இது மாதிரி நாப்பத்தாறு அம்மா இருக்காங்க. அப்பன்மார் தனி. அஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட வாயைத் திறந்ததில்ல. எவனுக்கும் நஷ்டமில்ல. பிள்ளைங்க வேலைக்குப் போகுது, சம்பாதிக்குது. நீ போய்க் கெடுத்துடாதே.”

“கம்பெனியே சின்னப் பசங்களுக்கு நியாயமா ஒரு ரேட் வெச்சா நீ எதுக்குடா?”

“அதத்தான் நானும் சொல்றேன்! அவன் கொள்ளையடிக்கிறான். நாம தப்பிக்கிறோம். இதுல பாவம் எங்க வந்தது?” ஷூவைக் காட்டினார். “அதைக் கழட்டாதே. அப்படியே வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போ, பழகும்.”

அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார். தலைவி வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கையுறை போட்டுக்கொண்டுதான் அதைப் பையில் எடுத்து வைத்தாள்.

*

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் ஒரு உறை. தம்பி கொடுத்தனுப்பியது. உள்ளே விபத்து வாக்குமூலம், தலைவி சொல்வதுபோல எழுதியது. கீழே அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. படித்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒட்டுச்சீட்டில் குறிப்பு.

நின்றபடியே படித்தாள். வியாழக்கிழமை காலை நான் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். சரி. நிதானமான வேகத்தில் வந்தேன். சரி.

‘திருப்பத்தில் இருந்த பூட்டு ரிப்பேர் கடைக்காரர் தன் மேசையை நடைபாதையிலிருந்து திடீரென ரோட்டுக்குள் இழுத்தார். தவிர்க்க முயன்றும் முடியவில்லை. தவறு முழுவதும் அவருடையது.’

இன்னொரு முறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தவறு அவருடையது என்றால் கம்பெனி அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்காது. பணம் போகாத கேஸின் ஃபைலை யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். இந்தப் பாலிசியைப் போட்டது யார், அவர் இன்னும் எத்தனை அம்மாக்களுக்குப் போட்டிருக்கிறார் என்று எவனும் கேட்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் தேடிக்கொண்டிருந்த ஓட்டை இதுதான். பூட்டுக்காரருக்காகப் பொய் சொல் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், அவர் தலையிலேயே கல்லைப் போடத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

அதைவிட ஒன்று இருந்தது. எழுத்து தம்பியுடையது இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நெட்டுக்குத்தாக, சின்னதாக நின்றது. ரத்தக் குப்பிகளில் நோயாளி பேரை இப்படித்தான் எழுத வேண்டும், ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்த எழுத்து. வீட்டுச் சாமான் பட்டியலைக்கூடக் கொசு அப்படித்தான் எழுதுவாள்.

“கொசு!”

உள்ளறையிலிருந்து வந்தாள். அம்மா கையில் காகிதத்தைப் பார்த்ததும் நடை குறைந்தது.

“மேசை எங்கடி இருந்தது?”

“மாமா சொல்லச் சொல்ல எழுதினேம்மா.”

“அதக் கேக்கல. மேசை எங்க இருந்தது?”

கொசு சுவரைப் பார்த்தாள். “நடைபாதையில.”

“எவ்வளவு உள்ள?”

“...சுவர் ஓரமா.”

“அவர் இழுத்தாரா?”

“உக்காந்திருந்தாரு. ஒரு பூட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு. நிமிந்துகூடப் பாக்கல.” அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “என்னை என்ன பண்ணச் சொல்றே? ஒரு வருஷமா ஒரு கீறல் போடல நான். மழையில, பனியில, பதினெட்டு வீடு. நான் நல்லா ஓட்டறேனான்னு ஒருத்தன் கேட்டானா? வயசு இருபத்தி ரெண்டு, அதனால அரை வண்டி விலையக் கட்டு. ஐம்பத்தி ரெண்டு வயசு, ஓட்டவே தெரியாது, உனக்குப் பாராட்டுக் கடிதம்! இது மட்டும் நியாயமா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? பொய்யில ஆரம்பிச்சாச்சு. நீதானே கையெழுத்துப் போட்டே. இப்ப மட்டும் என்னை ஏன் அப்படிப் பாக்கறே?”

எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தலைவிக்கே அப்போதுதான் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் சொன்னதில் தப்பில்லை. போன வருடம் படிவத்தின் ஒரு கட்டத்தில் தன் வயதை எழுதவிட்டு, கம்பெனியை ஏமாற்றுகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கட்டம் பெரிதாகிப் பெரிதாகி, இன்று உடைந்த கையோடு ஒரு மனிதர் அதற்குள் நிற்கிறார்.

வெளியே வண்டிச் சத்தம். தள்ளுபடி மாமாவின் சிரிப்பு வாசலில் கேட்டது. அவருக்குப் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம்.

*

விசாரணை அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். குதிகால் தேய்ந்த செருப்பு, இரண்டு போன், கையில் ஒரு பழைய தோல் பை. டீ வேண்டாம் என்றாள். தண்ணீர் மட்டும் வாங்கி முழுக்கக் குடித்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் சன்னலோரம் நின்றார். கொசு கதவுக்குப் பக்கத்தில். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு அருகில் உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் கண் தலைவியின் காலுக்குப் போனது. வெறுங்கால்.

“கீழே வண்டியப் பாத்துட்டேன்” என்றாள் அதிகாரி. “பேர், வயசு எல்லாம் சரி. விபத்தில்லாத ஓட்டுநர். முப்பத்தோரு வருஷம்! என் சர்வீஸ்ல இவ்வளவு நான் பாத்ததில்ல.”

“அக்கா ரொம்ப நிதானம்” என்றார் மாமா.

“ஒரு சின்ன சம்பிரதாயம். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் ஓட்டிக் காட்டறீங்களாம்மா?”

“காட்டலாம்” என்றாள் தலைவி. “மத்தியானம்தான் கத்துக்கிட்டேன்.”

மாமா இருமினார். “அக்காவுக்கு எப்பவும் ஒரு தமாஷு...”

“தமாஷு இல்ல மேடம். நான் ஓட்டல. ஓட்டினதே இல்ல. இவன் வந்து பதினஞ்சடி ஓட்டக் கத்துக்குடுத்தான். ஓட்டறது இவ. அன்னைக்கும் இவதான் ஓட்டினா. மேசை நடைபாதையில சுவர் ஓரமா இருந்தது. அந்த மனுஷன்மேல ஒரு தப்பும் இல்ல.”

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வாயில் பழைய இரும்பின் ருசிதான் இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? என் கம்பெனிக்கு நீங்க சொன்னதுதான் லாபம். ஓட்டறவங்க யாருன்னு தப்பாச் சொல்லி எடுத்த பாலிசி, ஆரம்பத்துலேருந்தே செல்லாது. நாங்க யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. எனக்கு ஆபீஸ்ல சபாஷ் கிடைக்கும்.” அவள் முகத்தில் அந்தச் சபாஷுக்கான மகிழ்ச்சி இல்லை. “எழுதட்டுமா? இன்னும் நான் எழுதல.”

“அப்ப அவருக்கு?”

“அவர் உங்களைத்தான் கேக்கணும். கேஸ் போட்டா நீங்கதான் குடுக்கணும். வைத்தியம், வேலை நஷ்டம், எல்லாம்.”

தலைவி கணவரைப் பார்த்தாள். அவர் சன்னலிலிருந்து திரும்பவில்லை.

“கேக்கட்டும்” என்றார். “குடுப்போம்.”

“அத்தான்! உங்களுக்கு எதுவும் தெரியாது, சும்மா இருங்க!” மாமா எழுந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் அக்குள் நனைந்திருந்தது. “மேடம், அக்காவுக்கு நாலு நாளாத் தூக்கம் இல்ல. பொண்ணைக் காப்பாத்தணும்னு... இல்ல, அதாவது... குழம்பிப் போய்ப் பேசுது. நீங்க அந்தப் பூட்டுக்கடைக்காரர் எழுதினதப் பாருங்க. அவரைவிடவா வேற சாட்சி?”

அதிகாரி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். “அவர் எழுதிக் குடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தபால்ல வந்தது.”

மாமா சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

தோல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதிகாரி தலைவியிடம் நீட்டினாள். “நான் அவர் இடத்துக்கு ரெண்டு தடவை போனேன். மேசையும் இல்ல, ஆளும் இல்ல. இதுதான் வந்தது. படிங்க. வண்டி ஓட்டி வந்தது வயசான ஒரு அம்மான்னு எழுதியிருக்காரு. மேசை ரோட்டுல இருந்ததாம். தப்பு தன்னோடதுதானாம். எந்தப் புகாரும் இல்லையாம். இப்ப உங்க ரெண்டு பேருல யாரை நான் நம்பறது?”

தலைவி படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை. கீழே கையெழுத்து கோணலாக, நடுங்கி, வரியைவிட்டு வழுக்கிக்கொண்டு போயிருந்தது. பழக்கமில்லாத இடது கை போட்ட கையெழுத்து. ஆனால் அதற்கு மேலே இருந்த எட்டு வரியும் தனித்தனியாக, நெட்டுக்குத்தாக, சின்னதாக நின்றன.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பிளாஸ்டர் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். பிறகு பேனாவை அவருடைய மற்றக் கையில் வைத்திருக்கிறாள்.

தலைவி தாளை மேசைமேல் வைத்தாள். தன் விரல்களைப் புடவையில் துடைத்தாள். துடைத்தது போதவில்லை போலத் திரும்பவும் துடைத்தாள்.

“இதுக்கு அவருக்கு என்ன குடுத்தீங்க?” என்று கேட்டாள். தம்பியை அல்ல. கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

கொசு கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. காலையில் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிய பெண்ணாகவே அவள் இல்லை.

“ஏதாவது குடுத்தீங்களா, இல்ல மிரட்டினீங்களா?”

“கொசு, நீ உள்ள போ” என்றார் மாமா.

அவள் உள்ளே போகவில்லை. “அவர் வீடு எனக்குத் தெரியும்மா” என்றாள், தரையைப் பார்த்தபடி. “எங்க இருக்காருன்னு தெரியும்.”

“கொசு!”

“கத்தாதே மாப்ளே” என்றார் லிஃப்ட் மெக்கானிக், சன்னலோரத்திலிருந்து. குரலை உயர்த்தவில்லை. மாமா உட்கார்ந்துவிட்டார்.

தலைவி எழுந்தாள். அதிகாரியிடம் சொன்னாள்: “யாரை நம்பறதுன்னு கேட்டீங்க இல்ல? அவர் வாயாலேயே கேட்டுக்கலாம். வாங்க மேடம். இவ வழி காட்டுவா.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த வேலைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தது அரை மணி நேரம். பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

கொசு பழக்கத்தில் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

“அத மாட்டிட்டு வா” என்றாள் தலைவி.

“நாலு கிலோமீட்டர்ம்மா.”

“இருக்கட்டும். நடந்து போவோம். அவர் வாசல்ல உன் வண்டிச் சத்தம் கேக்க வேண்டாம்.”